மொட்டை உளி

என் அக்காதான் அவள் புருஷனின் இரண்டு விரலைப் போக்கினாள் என்று எங்கள் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். கத்தியை எடுத்து வெட்டினாள் என்று யாரும் சொல்லவில்லை. உளியை அளவு தெரியாமல் தீட்டிக் கொடுத்தாளாம், அது விரலை வாங்கிவிட்டதாம். கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள், சாவு வீட்டிலும் சொல்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட என் அக்காவின் மாமியார் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த உளி அன்றைக்கு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்தவள் நான். வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு வராது.

அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டின் முன்பக்கம் முழுக்கக் கடைசல் பட்டறை. நாற்காலிக் கால், மேஜைக் கால், மாடிப்படிக்கு உருட்டுத் தூண், இதுதான் வேலை. லேத்தில் சதுரக் கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து மாட்டினால் மோட்டார் அதைச் சுழற்றும். அதன் முன்னால் இரும்பில் ஒரு தாங்கி இருக்கும். அதில் உளியை ஊன்றிச் சுழலும் மரத்தில் வைத்தால் கட்டை உருண்டையாகும். அத்தான் லேத்தில் நிற்பார். அவர் தம்பி மரத்தை அறுத்துக் கொடுப்பான். உளிகளைத் தீட்டுவது அக்கா. கொல்லைப்புறத்தில் சிமெண்ட் திண்டு கட்டி அதில் போல்ட் போட்டு முடுக்கிய சாணை ஒன்று இருந்தது. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய உளி இரண்டைத் தேய்த்துப் பாழாக்கி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மூன்றாவதில் கற்றுக்கொண்டாள்.

அவள் தீட்டிய உளி மரத்தில் பட்டால் சர்ரென்று ஒரே சீராகச் சத்தம் வரும். சீவல் சுருள் சுருளாக வந்து அத்தான் தலையிலும் தோளிலும் விழும். "கூரா இருக்கற உளி சொன்ன பேச்சைக் கேக்கும்டி" என்பாள் அக்கா. "மொட்டையா இருந்தா அமுக்கணும். அமுக்கற கைதான் வழுக்கும். வழுக்கினா மரம் உளியைக் கவ்வி இழுத்துக்கும். அப்பறம் கடவுளே வந்தாலும் பிடிக்க முடியாது."

உளியோடு நிறுத்தினாளா? இல்லை. லேத் பக்கம் யார் போனாலும் அவள் வாய் சும்மா இருக்காது. முழுக்கையை மடி, வாட்சைக் கழற்று, கையுறையா, கையுறை போட்டுக்கொண்டு சுழலும் மரத்துக்கிட்ட போகிறாயா, நூல் ஒன்று மாட்டினால் கையோடு சேர்த்து இழுத்துவிடும் என்று கத்துவாள். ஸ்விட்சைப் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்வாள், தாங்கியில் இடிக்கிறதா என்று. மோட்டார் கிளம்பும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்க விடமாட்டாள். கொழுந்தன் அவளுக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பேர் வைத்திருந்தான்.

"இன்ஸ்பெக்டரம்மா, மூச்சு விடலாமா?" என்பான்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விடு" என்பாள் இவள்.

அத்தானும் சிரிப்பார். அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாற்காலிக் கடைக்காரர் ஒருவர் மேஜைக் கால்களுக்கு ஆர்டர் கொண்டு வந்த அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது. அத்தான் அவருக்குக் கைவேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். கட்டை பாதி இளைத்துவிட்டது, ஆனால் தாங்கி ஆரம்பத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. மரம் இளைக்க இளைக்கத் தாங்கிக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி அகலும். அது அகல அகல ஆபத்து. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தாங்கியைக் கிட்டத் தள்ள வேண்டும். தீட்டிய உளிகளோடு உள்ளே வந்த அக்கா இதைப் பார்த்துவிட்டாள். ஆள் இருக்கிறதே என்று பார்த்தாளா பாவி?

"மெஷினை நிறுத்துங்க. தாங்கி எங்க இருக்கு, மரம் எங்க இருக்கு? நடுவுல ஒரு கையே போகும் போல இருக்கே" என்றாள்.

அத்தான் நிறுத்தினார். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வீட்டுலதான் மதுரை ஆட்சின்னு நெனச்சேன், பட்டறையிலயும் அதேதானா? நடத்துங்க, நடத்துங்க!"

அவருக்கு அது ஒரு வேடிக்கை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. கடைக்காரரின் வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா கையிலிருந்த உளிகளை வெடுக்கென்று பிடுங்கினார்.

"இனிமே என் உளியை நீ தொடக்கூடாது. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குத் தீட்ட வராதுங்க."

"வராதுன்னு நீ சொல்லாத!"

அவருக்கு வராது என்பது அந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும். தெருச் சாணைக்காரரிடம் கொடுத்தாலும் ஊர் சிரிக்கும், பெண்டாட்டியோடு சண்டையா என்று கேட்பார்கள். ஆகவே தீட்டாமலே ஓட்டினார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட வேண்டுமே! ஆம்பளை வீம்புக்கு மருந்து கண்டுபிடித்தால் அந்த டாக்டருக்கு நான் தினமும் சோறு பொங்கிப் போடுவேன்.

அக்கா சமையல்கட்டிலிருந்தே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சர்ரென்று வந்த சத்தம் கரகரத்தது, பிறகு கீச்சிட்டது. கொழுந்தனிடம் சொல்லியனுப்பினாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க தம்பி. உளி மொட்டையாயிடுச்சு. சத்தமே சொல்லுது. நான் தொடலை, வேற யாருகிட்டயாவது குடுத்துத் தீட்டிக்கச் சொல்லுங்க."

அவன் போய்ச் சொன்னான். திரும்பி வந்து, "சத்தத்தைக் கேட்டது போதும், குழம்பைக் கிண்டச் சொல்லுங்கறாரு அண்ணி" என்றான்.

மறுநாள் காலையில் நான் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க அங்கே போயிருந்தேன். அடுத்த தெருதான் என் வீடு. அக்கா தன் பெண்குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பட்டறையில் டமால் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கேட்டதை நான் எழுதப்போவதில்லை.

அக்காதான் முதலில் ஓடினாள். போனதும் ஸ்விட்சை அணைத்தாள், பிறகுதான் அத்தானைத் தொட்டாள். உளியை மரம் கவ்வி இழுத்ததில் அவருடைய இடது கை தாங்கிக்கும் மரத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் போய்விட்டிருந்தது. தாங்கியை அன்றைக்கும் அவர் கிட்டத் தள்ளவில்லை. அக்கா தன் முந்தானையைக் கிழித்துக் கையைச் சுற்றி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து அழுத்தினாள்.

கொழுந்தன் வண்டி பிடித்து வந்தான். அக்கா ஏறப் போனபோது மாமியார் தடுத்தாள். "நீ வராத. உன் முகத்தைப் பாத்தாலே என் புள்ளைக்கு உசுரு போயிடும்."

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, பழி எந்தப் பக்கம் வரப்போகிறது என்று.

வண்டி போனபிறகு அக்கா பட்டறைக்குள் நின்று தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லேத்துக்கு அடியில் ஒரு சுருள்கூட இல்லை. எல்லாம் தூள், மாவு சலித்த மாதிரி. கூரான உளி சீவும், மொட்டை உளி சுரண்டும். சுரண்டினால் தூள்தான் வரும். அத்தான் கையிலிருந்து தெறித்த பெரிய குழி உளி சுவரோரம் கிடந்தது. சதுரக் கட்டையை முதன்முதலில் உருட்டுவதற்கு அந்தப் பட்டறையில் அது ஒன்றுதான். அக்கா அதை எடுத்து அதன் வெட்டும் முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். கூர் இருந்தால் நகத்தைக் கடிக்கும். இது வழவழவென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. என் நகத்திலும் வைத்துக் காட்டினாள். கரண்டிக்காம்பு மாதிரி இருந்தது.

"அக்கா, இதை இப்படியே துணியில சுத்தி உள்ள வை" என்றேன். "யாரு கேட்டாலும் குடுக்காத. நாளைக்கு உன் தலையிலதான் வந்து விடியும். அப்ப இதைக் காட்டணும்."

அவளும் தலையாட்டினாள். சுற்றி பீரோவுக்கு மேல் வைத்தாள். பட்டறைத் தரையில் ரத்தம் கிடக்கிறதே என்று எதிர்வீட்டுக்காரி நல்ல மனசோடு வந்து கழுவிப் பெருக்கிவிட்டுப் போனாள். அந்தத் தூளும் போயிற்று.

மதியம் கொழுந்தன் மட்டும் திரும்பி வந்தான். இரண்டு விரல் போய்விட்டது, மற்றபடி பயமில்லை என்றான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, அந்த மேஜைக்காலு நாளைக்குக் காலையில போயாகணும். இதை விட்டா அந்தக் கடைக்காரரு இனிமே நம்ம வாசப்படியை மிதிக்க மாட்டாரு. நான் கடைஞ்சு முடிச்சிடறேன். பெரிய உளி எங்க? மொட்டையா இருந்துச்சே அது. கொஞ்சம் தீட்டிக் குடுங்க."

கேட்டீர்களா? 'மொட்டையா இருந்துச்சே அது' என்று அவன் வாயாலேயே சொன்னான்.

"அது கிடையாது. வேற உளியில செய்" என்றேன் நான்.

"அது இல்லாம கட்டை உருளாதுக்கா. இல்லைன்னா மொட்டையாவே குடுங்க. எப்படியோ அமுக்கி முடிச்சிக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "குடுக்காதக்கா. சத்தியமாச் சொல்றேன், குடுத்தா நீ கெட்ட."

"அவன் அமுக்குவாண்டி" என்றாள். "வீட்டுல ஒரு கை போனது பத்தாதா? அந்தப் பிள்ளை கை என்ன பாவம் பண்ணிச்சு?"

"அப்ப உன் பேரு?"

அவள் என் கையை விலக்கினாள். நாற்காலி போட்டு ஏறி உளியை இறக்கினாள், கொல்லைப்புறம் போனாள். சாணை சுழல்கிற சத்தம் கேட்டது. நான் சமையல்கட்டில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவளை, அவனை, அந்த நாற்காலிக் கடைக்காரரை, எல்லாரையும். தீட்டி முடித்து, "தாங்கியைக் கிட்ட வெச்சுக்கோ தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சாயங்காலம் மாமியார் தன் தம்பியோடு வந்தாள். அந்த மனுஷர் நேரே பட்டறைக்குப் போனார். "எந்த உளிடா?" என்று கேட்டார். கொழுந்தன் கையிலிருந்ததைக் காட்டினான். அவர் வாங்கி விரலை வைத்தார். பொட்டு மாதிரி ரத்தம் துளிர்த்தது.

"அடேயப்பா! சவரக்கத்தி தோத்துது போ. இப்படித் தீட்டி வெச்சா விரல் போகாம வேற என்ன செய்யும்?"

மாமியார் தலையிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன், பொம்பளைக்கு எதுக்குச் சாணைன்னு!"

"இது இப்பத்தான் தீட்டினது!" என்று நான் கத்தினேன். "காலையில மொட்டையா இருந்துச்சு. தம்பி, நீயே சொல்லு. மொட்டையா இருக்குன்னு நீதானே தீட்டக் கேட்ட?"

கொழுந்தன் அம்மாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், அப்புறம் மரத்தைப் பார்த்தான். உளி மொட்டை என்று தெரிந்தும் அண்ணனைத் தடுக்காமல் இருந்தவன் அவன். அது வெளியே வந்துவிடுமே!

"நான் எதையும் சரியாக் கவனிக்கலைக்கா" என்றான்.

அக்கா அப்போதும் அழவில்லை. "அவரு வரட்டும். அவருக்குத் தெரியும். அவரு சொல்லுவாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். உளி மொட்டையா இருந்துச்சு, அவ தீட்டலை. இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

அத்தான் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் கேட்டாள், "சொல்லுடா. அவ தீட்டினதுதானே?"

அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. விடுங்கம்மா. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

எல்லாரும் உருகிப்போனார்கள். விரலைப் போக்கியவளையும் விட்டுக்கொடுக்கவில்லை பாரேன், தங்கமான மனசு என்றார்கள். தங்கமாம் தங்கம்! அவர் பொய் சொல்லவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதைவிடப் பொய்யே சொல்லியிருக்கலாம்.

அதோடு சாணைமேல் சாக்கு விழுந்தது. அதைப் பெயர்த்து எடுக்க முடியாததால் அங்கேயே கிடந்தது. உளிகள் தெருச் சாணைக்காரரிடம் போயின. கொழுந்தன் லேத்தில் நின்றான், அத்தான் உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்தார். அக்கா பட்டறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். காய் நறுக்கவும் மொண்ணைக் கத்திதான் கொடுத்தாள், கூரானது இவளிடம் இருக்கக்கூடாதாம். அதை வைத்து அமுக்கி அமுக்கி எத்தனை தடவை கையை வெட்டிக்கொண்டாள் தெரியுமா! வெட்டிக்கொண்ட போதெல்லாம் மாமியார், "பாத்தியா, இவ கையில இரும்பே ஆகாது" என்றாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற மாதிரி அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது.

அதையெல்லாம்கூட அக்கா தாங்கினாள். மகளின் பயத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அக்கா ஊட்டிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. நல்ல பெண், அம்மாமேல் உயிர். ஆனால் அம்மா பென்சில் சீவித் தருகிறேன் என்றால், "வேண்டாம்மா, நானே சீவிக்கறேன்" என்று கையை இழுத்துக்கொள்ளும். நான் அவளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன்.

"சித்தி, நீங்க அம்மா பக்கம்தானே பேசுவீங்க" என்றாள். "அப்பா ஒண்ணும் சொல்லலையே."

அவள் கேட்டது நியாயம்.

போன வருஷம் கொழுந்தன் தனியாகப் பட்டறை போட்டுக்கொண்டு போய்விட்டான். லேத் சும்மா நின்றது. படிப்பை முடித்திருந்த மகள், நான் கடைகிறேன் என்றாள். அத்தான் எவ்வளவோ தடுத்தார், கேட்கவில்லை. கடைசியில் சரி என்றார். அவளோ, "எனக்குக் கூரான உளி வேண்டாம்பா. மொட்டையா ஒண்ணு குடுங்க. அதான் கைக்கு நல்லது" என்றிருக்கிறாள்.

அன்றைக்கு நான் அக்காவோடு சமையல்கட்டில் இருந்தேன். அத்தான் பின்வாசல் வழியாக வந்தார், கையில் அதே பெரிய உளி. இத்தனை வருஷத்தில் அதை எடுத்துக்கொண்டு அவர் அக்காவிடம் வந்தது அன்றைக்குத்தான்.

"இந்தா, இதைக் கொஞ்சம் தீட்டிக் குடு" என்றார், சன்னமாக. "மொட்டை உளி வேணும்னு நிக்கறா. அவளுக்கு ஒண்ணும் தெரியலை. நீ தீட்டினன்னு சொல்ல வேண்டாம். எங்கம்மாவுக்கும் தெரிய வேண்டாம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "மொட்டையா இருந்தா என்னங்க ஆகும்?"

அவர் உளியை அவள் பக்கம் நீட்டினார்.

"அன்னிக்கு உளி மொட்டையா இருந்துச்சு, அம்மா தீட்டலைன்னு அவகிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற யாருகிட்டயும் வேண்டாம், எம்பொண்ணுகிட்ட மட்டும். சொல்லிட்டு வாங்க, நான் தீட்டித் தரேன்."

அவர் மூன்று விரல் உள்ள கையால் உளியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு வந்த வழியே போய்விட்டார்.

"சொல்லுவாரு" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அந்த நேரம் இருந்த வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சாக்கை எடுத்துவிட்டுச் சாணையைத் துடைக்கலாமா என்றுகூடக் கேட்டாள். சோறு வெந்தது, வடித்தோம். அவர் வரவில்லை. திடீரென்று பட்டறையில் லேத் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஐயோ, மொட்டை உளிடி!" என்று அக்கா ஓடினாள். மாமியார் கூடத்திலிருந்து "ஏய், உள்ள போகாத!" என்று கத்தினாள். யார் கேட்டார்கள்? நேரே போய் ஸ்விட்சை அணைத்தாள். மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அக்கா அவள் கையிலிருந்த உளியைப் பிடுங்கி நகத்தில் வைத்தாள்.

உளி கடித்தது. நல்ல கூர்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தானைப் பார்த்தாள். அவர் வார்னிஷ் டப்பாவின் மூடியைத் திறப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

"அம்மா, உளியைக் குடுத்துடும்மா" என்றாள் மகள், நோகாமல், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "பயப்படாத. அப்பா தெருச் சாணைக்காரருகிட்ட குடுத்து அளவாத் தீட்டிட்டு வந்திருக்காரு. உன் கை படவே இல்லைன்னு அப்பாவே சொன்னாரு."

நான் அத்தானை ஏதோ கேட்கப் போனேன். என்ன கேட்கப் போனேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

உளியை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள். தாங்கியின் திருகைத் தளர்த்திக் கட்டைக்குக் கிட்டத் தள்ளி மறுபடி முடுக்கினாள். கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி இடிக்கவில்லை என்று பார்த்தாள். மகளின் பின்னலை எடுத்துச் சட்டைக்குள் செருகினாள். அந்தப் பெண் அசையாமல் நின்றது, ஆனால் உளியை மட்டும் அம்மா பக்கத்திலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டது. அக்கா அதையும் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து மகளுக்கு மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் லேத் மறுபடி கிளம்பியது. சர்ரென்று ஒரே சீராகச் சத்தம் வந்தது.

"ஏன்க்கா சும்மா வந்த?" என்றேன். "அவரு சட்டையைப் பிடிச்சுக் கேக்கறதுக்கு என்ன?"

அக்கா பட்டறைப் பக்கம் காதைத் திருப்பினாள்.

"உளி கூரா இருக்குடி. அது போதும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை.